வழக்குப் போடும் முன் படம் 3-ஐப் பாருங்கள்

கேள்வி: கொடைக்கானல் மலையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். மன்னவனூர்ப் பக்கம் புல்வெளி சுருங்கி சீகை மரம் பரவியதைப் பற்றி நான்கு வருடம் அலைந்து எழுதிய கட்டுரை 2020-ல் ஓர் ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) ஜர்னலில் வந்தது. சீட்டு எடுத்து 18,000 ரூபாய் பிரசுரக் கட்டணம் கட்டினேன். படம் 3-க்காக ஒரு பழைய போட்டோவைத் தேடி எத்தனை நாள் அலைந்தேன் தெரியுமா? கடைசியில் ஊர் ஸ்டூடியோக்கார அண்ணன், 1998-ல் காலமான தன் அப்பா எடுத்தது என்று 2019-ல் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இப்போது டெல்லிப் பதிப்பகம் ஒன்று கட்டுரையை ஒரு தொகுப்பு நூலில் சேர்த்து, தலைப்பை மாற்றி, 4,500 ரூபாய்க்கு விற்கிறது. பெயர் மட்டும் போட்டிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜர்னல்காரர்கள் மெயிலுக்குப் பதில் போடுவதில்லை. ஸ்டாஃப் ரூமில் சிரிக்கிறார்கள். நஷ்டஈடு நோட்டீஸும் போலீஸ் புகாரும் கொடுக்க வேண்டும். கட்டுரையின் பிடிஎஃப், ஜர்னல் படிவம், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.

பதில்: சீட்டுப் பணமும் ஸ்டாஃப் ரூம் சிரிப்பும் கோர்ட்டில் எடுபடாது. எடுபடுவது உங்கள் பிடிஎஃப் முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி: கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம், சிசி பை 4.0. அந்த உரிமத்தின்படி யாரும் கட்டுரையை நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆசிரியர் பெயர், மூலம், உரிமம் ஆகியவற்றைச் சொல்லி, மாற்றம் செய்திருந்தால் அதையும் குறிப்பிட்டால் போதும். விற்கக் கூடாது என்றால் 'என்சி' (நான்-கமர்ஷியல்) என்று இரண்டு எழுத்து சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் பிடிஎஃப்பில் அது இல்லை. கொடுத்த உரிமத்தை இனி வாபஸ் வாங்கவும் முடியாது.

பதிப்பகத்தின் தவறு, தலைப்பை மாற்றியதைச் சொல்லாமல் விட்டது. மீறல்தான், அதனால் உரிமம் தானாகவே முடிந்தும் போகும். ஆனால் மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் உரிமம் திரும்பவும் உயிர்பெறும் என்று அந்த 4.0-லேயே எழுதியிருக்கிறது. உங்கள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். போலீஸ் புகாரை மறந்துவிடுங்கள். காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 63-ம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு, ஆனால் அது தெரிந்தே மீறியவருக்கு. உரிமம் கையில் வைத்திருப்பவரை ஆதாரமில்லாமல் மிரட்டினால், 60-ம் பிரிவின் கீழ் அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

இப்போது படம் 3. இடது பக்கம் கறுப்பு வெள்ளையில் அந்தப் புல்வெளி, வலது பக்கம் நீங்கள் எடுத்த கலர் படத்தில் அதே சரிவு முழுக்க சீகை. அடியில் 'நன்றி' என்று ஸ்டூடியோ பெயர். நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்தப் பழைய படம்தான் எனக்குப் பயம். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும் காப்புரிமை உண்டு. அப்பா 1998-ல் போனார் என்றால் 2058 முடியும்வரை அது வாரிசுகள் எல்லோருக்கும் சொந்தம். (யாராவது பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் உரிமை வேறு கைக்குப் போகும்.)

உங்களிடம் இருக்கும் அனுமதி, ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள 'தாராளமா போட்டுக்கோங்க மேடம்', பக்கத்தில் ஒரு கும்பிடு. வாட்ஸ்அப்பும் எழுத்துதான் என்று வாதாடலாம். ஆனால் காலமும் எல்லையும் சொல்லாத உரிமம் ஐந்து வருடத்துக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் 19-ம் பிரிவும் 30-ஏ பிரிவும் சேர்ந்து சொல்கின்றன. அந்த ஐந்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. நீங்களோ அந்தப் படத்தை உலகத்துக்கே, காப்புரிமை உள்ள காலம் முழுக்க, விற்கும் உரிமையோடு தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஜர்னல் படிவத்தில் டிக் அடித்த நான்காவது கட்டத்தைப் படித்தீர்களா? 'இதிலுள்ள அனைத்தும் என்னுடையவை அல்லது உரிய அனுமதி பெற்றவை. பிறரால் வரும் இழப்பை நானே ஈடுசெய்வேன்' என்கிறது.

ஊட்டிப் பக்கத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் இதே கோபத்தோடு வேறொரு வக்கீல் மூலம் நோட்டீஸ் விட்டார். மூன்று பக்கப் பதில் வந்தது. அதில் இரண்டு பக்கம், அவர் கட்டுரையில் இருந்த ஓர் எஸ்டேட் வரைபடத்தைப் பற்றி. நகல் எஸ்டேட்காரருக்கும் ஜர்னலுக்கும் போனது. ஜர்னல் கட்டுரையைத் தளத்திலிருந்து எடுத்தது, பதவி உயர்வு ஃபைல் நின்றது, எஸ்டேட்காரர் பணம் கேட்டார். என்னிடம் வந்தது அதற்கப்புறம். உங்கள் விஷயம் இன்னும் மோசம். ஸ்டூடியோக்காரர் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. 62-ம் பிரிவு அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட விடுகிறது. வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் இறங்கினால் ஆயிற்று.

ஆகவே சமாதானமாகப் போங்கள். டெல்லிக்காரரிடம் அப்புறம் போகலாம், முதலில் ஸ்டூடியோவுக்கு. ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள்: எந்தப் படம், சிசி பை 4.0, உலகம் முழுதும், காப்புரிமைக் காலம் முழுதும், விற்பனைக்கும் சேர்த்து, எவ்வளவு தொகை. தொகையை எழுதாமல் விடாதீர்கள். பத்தாயிரம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், வக்கீல் ஃபீஸைவிடக் குறைவு. அண்ணன் கையெழுத்து மட்டும் போதாது, உடன்பிறந்தவர்கள், அம்மா இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும்.

பழைய தேதி போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் போட்டார். பத்திரத்தின் பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பனையாளரின் சீல், ஒப்பந்தத் தேதிக்கு ஏழு மாதம் கழித்து. சிவில் விவகாரம் அன்றோடு ஃபோர்ஜரி ஆனது. இன்றைய தேதியே போட்டு, '2020 முதல் நடந்த வெளியீட்டுக்கும் சம்மதம்' என்று எழுதுங்கள். புத்தகம் 4,500-க்கு விற்கிறது என்பதையும் ஸ்டூடியோக்காரரிடம் மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய சம்மதத்தை நாளை அவர் ரத்து செய்யக் கேட்கலாம்.

சம்மதிக்கவில்லை என்றால், நீங்களே முந்திக்கொண்டு ஜர்னலுக்கு எழுதி, படத்தை எடுத்துவிட்டுத் திருத்தக் குறிப்பு போடச் சொல்லுங்கள். ஜர்னலில் மட்டும் போட அவர் சம்மதித்தால், 'இப்படம் உரிமத்தில் அடங்காது' என்று அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் டெல்லிக்காரரும் தன் புத்தகத்திலிருந்து அந்தப் படத்தை எடுக்க வேண்டியிருக்கும், அதையும் அவருக்குத் தெரிவியுங்கள். மெயிலுக்குப் பதில் வராவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் டெல்லிக்கு ஒரு சாதாரணக் கடிதம்: பழைய தலைப்பையும் ஜர்னல் விவரத்தையும் போடுங்கள், ஒரு பிரதி அனுப்புங்கள் என்று. அதற்கு வக்கீல் வேண்டாம், நீங்களே எழுதலாம்.