லண்டனில் விட்டுவந்த காலைப்பொழுது

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 52. வீடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில், பக்கத்து ஊரான பிறையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. ஜூன் மாதம் நானும் கணவரும் லண்டனில் வேலை செய்யும் மகளைப் பார்க்கப் போய் 24 நாள் தங்கிவிட்டு வந்தோம். என் வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணம். திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. எதிலும் மனம் ஒட்டவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. சமையலறையைப் பார்த்தாலே அழுகை வருகிறது. பெட்டியில் பாதிச் சாமான் அப்படியே கிடக்கிறது. 'லண்டன் போய்வந்த பெருமை' என்று உறவுக்காரர்கள் சாடை பேசுகிறார்கள். 81 வயது மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். என் வீட்டையும் ஊரையும் வெறுக்கும் அளவுக்கு நான் மாறிவிட்டேனா?
– பெயர் வேண்டாம் (நாலு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லையம்மா, நீங்கள் எதையும் வெறுக்கவில்லை. வீட்டை வெறுப்பவர் நாலு பக்கக் கடிதத்தில் மாமியாரின் சர்க்கரை மாத்திரை நேரத்தை இரண்டு இடத்தில் எழுத மாட்டார்.

தூக்கத்திலிருந்து தொடங்குவோம். தூக்கம் கெட்டிருக்கும்போது வாழ்க்கையைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கோடையில் லண்டனுக்கும் நமக்கும் 7 மணி நேர வித்தியாசம். கிழக்குப் பக்கமாகப் பறந்து வருபவர்களுக்குச் சிரமம் அதிகம். நம் உடம்பின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடக்கூடியது. அதனால் நாளை நீட்டிக்கொள்வது அதற்குச் சுலபம், குறுக்கிக்கொள்வது கஷ்டம். பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் சரியாகிவரும். அப்படிப் பார்த்தால் பத்து நாளுக்குள் நீங்கள் பழையபடி ஆகியிருக்க வேண்டும். ஐந்து வாரம் ஆகியும் இரண்டு மணி வரை விழித்திருக்கிறீர்கள் என்றால், உங்களை இன்னும் லண்டன் நேரத்திலேயே ஏதோ பிடித்து வைத்திருக்கிறது.

அது என்ன என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மகள் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடியோ கால் பண்ணுகிறாள். அவளுக்கு ஆறு என்றால் நமக்கு விடியற்காலை ஒரு மணி. அந்த அழைப்புக்காகத் தூங்காமல் காத்திருக்கிறீர்கள். பேசி முடித்ததும் போனிலேயே பயணப் படங்களைப் பார்த்துக்கொண்டு படுக்கிறீர்கள். மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு மணி நேரம் தூக்கம். பிறகு ராத்திரி எப்படிக் கண் மூடும்?

மகளிடம் சொல்லுங்கள். அவள் வேலைக்குக் கிளம்பும் காலை ஏழு மணி நமக்கு மதியம் இரண்டு மணி. ஐந்து நிமிடம் பேசினாலும் போதும். நீளமாகப் பேச ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அவளுக்கு நடுப்பகல், உங்களுக்கு இரவு ஏழு. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவார்கள், அதன் பிறகு வித்தியாசம் 8 மணி நேரமாகும். இதை அவளிடம் கேட்கவே உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், எனக்குத் தெரியும். நேரத்தை மாற்றினால் அவள் தள்ளிப்போய்விடுவாளோ என்ற பயம். தூங்காமல் காத்துக்கிடக்கும் அம்மா நன்றாக இல்லை என்று அவளுக்குத் தெரிந்தால், அவளே முதல் ஆளாக மாற்றியிருப்பாள்.

இன்னொன்று வெளிச்சம். 1982 ஜனவரி முதல் தேதி, போர்னியோத் தீவில் உள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி தாண்டுகிறது. நீங்கள் ஐந்தரைக்கு எழுந்து குழல்விளக்கில் சமைத்து, காரில் ஏறி, ஆபீஸில் மறுபடி குழல்விளக்குக்கு அடியில் உட்காருகிறீர்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவதே இல்லை. உள்கடிகாரத்தைச் சரிசெய்வது அதுதான். ஏழரை மணிக்கு வீட்டு வாசலிலோ ஆபீஸ் கார் நிறுத்துமிடத்திலோ இருபது நிமிடம் நடங்கள். சாயங்காலத் தூக்கத்தை இருபது நிமிடத்தோடு நிறுத்துங்கள். உங்கள் வயதில் மாதவிலக்கு நிற்கும் காலத்து மாற்றங்களும் தூக்கத்தையும் மனதையும் கலைக்கும். எல்லாப் பழியையும் லண்டன் மேல் போடுவதற்குள் இதையும் நினைத்துப் பாருங்கள்.

இப்போது மனதுக்கு வருகிறேன்.

டவர் பிரிட்ஜுக்கு ஒரு வரி. எடின்பரோ ரயில் பயணத்துக்கு மூன்று வரி. ஹைகேட் முருகன் கோயிலுக்கு அரைப் பத்தி. ஆனால் ஒரு காட்சியை மட்டும் முதல் பக்கத்தில் ஒரு தடவையும் கடைசிப் பக்கத்தில் ஒரு தடவையும் எழுதியிருக்கிறீர்கள். 'காலையில் அவர் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். நான் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பேன்.' எழுதினதையே மறந்து மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நீங்கள் ஏங்குவது லண்டனுக்காக இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து 28 வருஷத்தில் முதல் முறையாக 24 நாள், யாரும் உங்களிடம் 'இன்றைக்கு என்ன சமையல்' என்று கேட்கவில்லை. 'இன்றைக்கு எங்கே போகலாம், உனக்கு என்ன பார்க்கணும்' என்று கேட்டார்கள். அங்கே நீங்கள் பதில் சொல்லும் மனுஷியாக இருந்தீர்கள். திரும்பி வந்த மறுநாளே ஐந்தரை மணி அலாரமும் அரிசி கழுவுவதும். சமையலறையைப் பார்த்து அழுகை வந்ததில் ஆச்சரியம் இல்லை. விடுமுறை தந்த தெம்பு வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே வடிந்துவிடும் என்று இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் வடிகிறது. உங்களுக்கு வடிந்தபோது அடியில் கிடந்த களைப்பு வெளியே தெரிந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். அங்கே தட்டுக் கழுவியவருக்கு இங்கே கை வரவில்லை. இங்கே அந்த வேலை உங்களுடையது என்று இரண்டு பேருமே பழகிவிட்டீர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவருக்குப் புரியாது. வாய் திறந்து கேளுங்கள். 'லண்டனில் போட்ட மாதிரி காலைத் தேத்தண்ணி இங்கேயும் நீங்களே போடுங்கள்.' இதை மட்டும் கேளுங்கள், பழைய கணக்கையெல்லாம் அன்றைக்கு எடுக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அத்தையைப் பார்த்துக்கொண்ட நாத்தனாரையும் கேளுங்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து இருக்க முடியுமா என்று. 24 நாள் பார்த்துக்கொண்டவர் ஒரு நாளுக்கு மறுக்க மாட்டார். நாம் கேட்பதில்லை, அதுதான் விஷயம்.

என் மகன் மெல்பர்னில் இருந்த காலத்தில் இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தேன். வந்த பிறகு என்னை வாட்டியது, யாரும் கதை கேட்காததுதான். படங்களை வாட்ஸ்அப் குழுவில் பார்த்துவிட்டார்கள், கட்டைவிரல் அடையாளம் போட்டுவிட்டார்கள், முடிந்தது. முன்பு நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியவர்களைச் சுற்றி உட்கார்ந்து நாள்கணக்கில் ஊர்க்கதை கேட்பார்களாம். உங்கள் கதையை யார் கேட்டார்கள்? அத்தையிடம் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே.

லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக் கண்ணாடி மாளிகைக்குள் ரப்பர் மரத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தை அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர் என்றும் அதே பத்தியில் சொல்கிறீர்கள். 1876-ல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தத் தோட்டத்தில்தான். முளைத்தது சில ஆயிரம். அந்த வழியில் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். அவற்றில் சிலதைப் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. அத்தை மங்கு (பால் வடியும் கிண்ணம்) கட்டிய மரங்களுக்கெல்லாம் அது மூத்த உறவு. நீங்கள் லண்டனில் பார்த்தது அந்தக் கதையின் முதல் பாதி. மறுபாதி பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயிலில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே முதலில் பெட்டியைக் காலி பண்ணுங்கள், அதுவும் அத்தையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து. ஒவ்வொரு சாமானாக எடுத்து எங்கே வாங்கியது என்று சொல்லுங்கள். கியூ படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று கேளுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை நீங்களும் வீட்டுக்காரரும் அவரைக் கோலகங்சாருக்குக் கூட்டிப் போங்கள். சக்கர நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரைப் பையை மறக்காதீர்கள், வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு வேண்டாம். சாயோங் பக்கம் கறுப்பு மண் கூஜா கிடைக்கும், ஒன்று வாங்கி வாருங்கள்.

உறவுக்காரர்களின் சாடைப் பேச்சுக்குப் பதில் எதுவும் தேவையில்லை.

இவ்வளவும் செய்து இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால், பிடித்த காரியத்தில்கூட மனம் போகவில்லை என்றால், பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு) போய் டாக்டரிடம் இதே கடிதத்தில் எழுதியதைச் சொல்லுங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த மரத்தைப் பார்த்துவிட்டு அத்தை என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுவீர்களா?

அன்புடன்,
அக்கா