கவிதைத் தொகுப்புக்கு எத்தனை மதிப்பெண்?

வணக்கம். அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முனைவர் பட்டம் முடித்தவள். எட்டு ஆண்டுப் பணி அனுபவமும் ஏழு ஆய்வுக் கட்டுரைகளும் உண்டு. தமிழில் இரண்டு கவிதைத் தொகுப்புகளும் ஆங்கிலத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பும் வந்திருக்கின்றன. பல்கலைக்கழக இணைப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பம் தயாரித்தபோது, "இதெல்லாம் படைப்பு, ஆய்வில்லை, எடுத்துவிடுங்கள்" என்று துறையில் சொன்னார்கள். ஆனால் கல்லூரி மலர், ஆண்டுவிழா நாடகம், விருந்தினர் வரவேற்பு என்றால் "நீங்கதானே எழுத்தாளர்" என்று என்னிடம் வருகிறார்கள். ஆங்கிலத் துறையில் எழுதும் பெண்ணுக்கு என்ன இடம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புத்தகங்களை எடுக்காதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஆசிரியர் நியமனத்துக்கும் பணி உயர்வுக்கும் வகுத்த 2018 விதிமுறையில், இரண்டாம் பிற்சேர்க்கையின் அட்டவணை 2ஐப் பாருங்கள். எழுதிய நூல் சர்வதேசப் பதிப்பக வெளியீடு என்றால் 12 மதிப்பெண், தேசியப் பதிப்பகம் என்றால் 10. முந்தைய 2010 விதிமுறை பாடநூல், மேற்கோள் நூல் என்று வரையறுத்திருந்தது. 2018இல் அந்த வரையறை இல்லை. கவிதை கூடாது, தமிழ் கூடாது என்றும் எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் புத்தகங்களை வெளியே தள்ளுவது விதி அல்ல, பழக்கம்.

இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு ஏழு ஆய்வுக் கட்டுரைகளும் மொத்தம் 75 மதிப்பெண்ணும் வேண்டும். மொழி, கலைப் புலங்களில் கட்டுரைக்கு 10 வீதம், தனியாக எழுதியவை என்றால், உங்களுக்கு 70 வந்துவிடுகிறது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் ஆளுக்கு எழுபது சதவீதம்தான். மதிப்பெண் அட்டவணையின் ஆறு வகைகளில் குறைந்தது மூன்றிலிருந்து வர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வெறும் கட்டுரைகளால் இதைக் கடக்க முடியாது. ஒரே ஒரு தொகுப்பு ஏற்கப்பட்டால் 80, இரண்டாவது வகையும் கிடைத்துவிடும். மூன்றாவது வகைக்கு நீங்கள் வழிகாட்டிய முதுகலை ஆய்வேடு ஒன்று போதும், அந்த மாணவருக்குப் பட்டம் கிடைத்திருந்தால் 2. அதனால்தான் அந்தப் புத்தகத்துக்காக வாதாட வேண்டும் என்கிறேன்.

வழக்கமாக எங்கே சறுக்குகிறது என்றால், பதிப்பகத்தில். தமிழ்க் கவிதை பெரும்பாலும் சிறு பதிப்பகங்களில்தான் வருகிறது. ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) இல்லாத புத்தகம், எழுதியவரே பணம் போட்டு அச்சிட்ட புத்தகம் இரண்டையும் பரிசீலனைக் குழு முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடும். பதிப்புரிமைப் பக்கம், பொருளடக்கம், பதிப்பகத்தின் கடிதம், வந்த மதிப்புரைகள் ஆகியவற்றை நூல் வாரியாகக் கோத்து வையுங்கள். எந்தக் கல்லூரியிலாவது பாடமாக வைத்திருந்தால் அந்தப் பாடத்திட்டக் குழுத் தீர்மானத்தின் நகலையும் சேருங்கள். அதைவிட வலுவான சான்று இல்லை. விண்ணப்பத்தில் "படைப்புகள்" என்று தனித் தலைப்புப் போடாதீர்கள், "எழுதிய நூல்கள்" என்ற கட்டத்திலேயே எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பரிசீலனைக் குழுவின் குறிப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதே அட்டவணையில் மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. பிறருடைய கவிதையை மொழிபெயர்த்தால் தகராறின்றி மதிப்பெண், சொந்தக் கவிதை என்றால் தயக்கம். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. ஆனாலும் இரண்டு மொழியிலும் எழுதும் நீங்கள் இந்த வழியை விட்டுவிட வேண்டாம். ஐஐடி மெட்ராஸில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கவிஞர் கே. ஸ்ரீலதா சுயமரியாதை இயக்கப் பெண்களின் எழுத்துகளைத் தொகுத்து மொழிபெயர்த்தவர். ஆய்வையும் மொழிபெயர்ப்பையும் தன் எழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நல்ல உதாரணம். மும்பை செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்த யூனிஸ் டிசூசாவும் கவிஞர்தான்.

கல்லூரி மலர் விஷயத்துக்கு வருகிறேன். துறையில் எழுதுகிற ஆண் இருந்தால் கருத்தரங்கில் பேச அனுப்புகிறார்கள். எழுதுகிற பெண்ணை அதே கருத்தரங்கைத் தொகுத்து வழங்கச் சொல்கிறார்கள். பேசியதற்குச் சான்றிதழும் மதிப்பெண்ணும் உண்டு, தொகுத்து வழங்கியதற்குக் கிடையாது. பணி உயர்வுக்கான அட்டவணை 1இல் நிர்வாகம், தேர்வுப் பணி, மாணவர் செயல்பாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் மூன்றில் ஈடுபட்டிருந்தாலே "நன்று". ஏழெட்டு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டாலும் அதே "நன்று"தான். ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் மூன்றைத் தேர்ந்து, அவற்றுக்கு முதல்வரின் கையொப்பத்துடன் ஆணை வாங்குங்கள். நான்காவது வரும்போது அந்த ஆணையைக் காட்டி மறுத்துவிடலாம். வாய்மொழியாகச் சொல்லப்படும் வேலை கோப்பில் ஏறாது.

மகப்பேறு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுத்திருந்தால் அந்தக் காலத்தை இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கி, மீதிக் காலத்தின் தரத்தையே முழுக் காலத்துக்கும் கொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. பல கல்லூரிகளில் அந்த ஆண்டுகளுக்கு வெறுமனே "திருப்தியில்லை" என்று போட்டுவிடுகிறார்கள். உங்கள் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

நம் கேள்வி யுஜிசியை நோக்கியும் இருக்க வேண்டும். இசை, நடனம், ஓவியம் போன்ற துறைகளில், பாடத்தில் இளங்கலைப் பட்டமும் பாராட்டத்தக்க கலைச் சாதனையும் உள்ள கலைஞர் உதவிப் பேராசிரியராகலாம். வானொலியின் ஏ கிரேடு அதற்கு ஒரு தகுதி. இலக்கியத் துறைக்கு அப்படியொரு வாசல் இல்லை. பாடகி கற்பிக்க அவருடைய பாட்டு தகுதியாகிறது, கவிஞர் கற்பிக்கக் கவிதை தகுதியாவதில்லை. பிற தொழில்களில் தேர்ந்தவர்களைக் கற்பிக்க அழைக்கும், 2022இல் வந்த "நடைமுறைப் பேராசிரியர்" திட்டத்தில் இலக்கியத்தின் பெயர் இருக்கிறது, 15 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஆனால் ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் அது கிடையாது. வகுப்பெடுத்துக்கொண்டே எழுதியவர்களை, உங்களைப் போன்றவர்களை, அதுவும் வெளியே நிறுத்திவிடுகிறது. 2025 ஜனவரியில் வந்த வரைவு விதிமுறை மதிப்பெண் முறைக்குப் பதிலாக ஒன்பது வகைப் பங்களிப்புகளைப் பட்டியலிட்டது. ஸ்டார்ட்அப் இருக்கிறது, இணையவழிப் பாடத் தயாரிப்பு இருக்கிறது, படைப்பிலக்கியம் இல்லை. ஆங்கிலத் துறைகள் கூட்டாகக் கேட்க வேண்டிய திருத்தம் இது.

ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொல்லிவந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது; எந்த இதழ் தரமானது என்பதை இனி அந்தந்த நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகம் அதற்குக் குழு அமைக்கும்போது, இலக்கிய இதழ்களையும் பதிப்பகங்களையும் எப்படி மதிப்பிடுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். படைப்பெழுத்துத் தாள் உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் அதை நடத்தும் பொறுப்பையும் எழுத்திலேயே கேளுங்கள். அந்த வகுப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

அன்புடன்.