கதைப்புத்தகம் வாங்குவோர் கேட்பவை

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எட்டு முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் வாங்குவது பற்றியவை. அவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: முகநூலில் "சிறுவர் நாவல்கள் இருபது, ஒரே பொதியில்" என்ற விளம்பரத்தைக் கண்டு, பொதி வந்ததும் காசு கொடுக்கும் முறையில் என் பத்து வயது மகளுக்கு வாங்கினேன். இருபதும் பதினாறு பக்கச் சிறு கையேடுகள். நாவல் என்று ஒன்றுகூட இல்லை. அழைத்தால் எடுக்கிறார்கள் இல்லை. (உப்புவெளி)

பதில்: பொதியைப் பிரிக்கவிடாமல் காசை வாங்கிக்கொண்டு போகும் முறையில் எவரும் இப்படி அகப்படக்கூடும், நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நாவல் என்று சொல்லிக் கையேட்டை விற்றது பொய்யான விளம்பரம். அந்த விளம்பரம் அழிக்கப்படுமுன் அதன் படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள பொதிச் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற எண்ணுக்கு அழைத்தும் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். விசாரித்தபின், பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அச்சபைக்கு அதிகாரம் உண்டு. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த பொதியை அவர்கள் விற்பது அந்த நம்பிக்கையில்தான். மகளுக்கு இப்போதைக்கு உதயசங்கரின் "ஆதனின் பொம்மை"யைத் தேடிப் பாருங்கள். கீழடியை மையமாகக் கொண்ட அந்த நாவலுக்கு 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. அது உண்மையிலேயே நாவல்.

கேள்வி: அட்டையில் "ராபின்சன் குரூசோ" என்று பெரிதாகப் போட்டிருந்ததால் வாங்கினேன். 64 பக்கம். பன்னிரண்டு வயது மகன் ஒரே இருப்பில் முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்கிறான். இது ஏமாற்று இல்லையா? (மூதூர்)

பதில்: ஏமாற்றுத்தான், ஆனால் சட்டத்தின் கையில் இலகுவில் அகப்படாத ஏமாற்று. டானியல் டீபோ 1719இல் வெளியிட்ட அந்த நாவலை முழுமையாக அச்சிட்டால் சில நூறு பக்கங்கள் வரும். அதை 64 பக்கத்துக்குள் திணித்தால் கப்பல் உடைந்ததும், மணலில் காலடித் தடம் தெரிந்ததும், வெள்ளிக்கிழமை என்ற பெயரில் ஒரு துணை கிடைத்ததும் மாத்திரமே எஞ்சும். தகப்பன் சொல்லைத் தட்டிக் கடலுக்குப் போனவன் சலே துறைமுகத்தில் தானே அடிமையாகக் கிடந்ததும், தப்பிப் போய்ப் பிரேசிலில் தோட்டம் வைத்ததும், பிறகு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்தில்தான் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியதும் இத்தகைய பதிப்புகளில் பெரும்பாலும் காணாமற்போகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து தகப்பனோடு வாதாடக்கூடிய இடம் அதுதான். கல்லிவர் கதைக்கும் இதே கதிதான். 1726இல் வந்த மூலத்தில் நான்கு பயணங்கள் உள்ளன. கடைகளில் கிடைக்கும் சிறுவர் பதிப்புகள் பலவற்றில் குள்ளர் தீவோடு, மிஞ்சினால் அரக்கர் நாட்டோடு கதை முடிந்துவிடும்.

சுருக்குவதை நான் குறை சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சுருக்கமே பொருத்தம். நன்றாகச் சுருக்குவதற்குத் தனித் திறமையும் வேண்டும். அதை வாங்குபவரிடமிருந்து ஒளிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூலாசிரியரின் பெயரை அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மொழிபெயர்த்தவர் யார், சுருக்கியவர் யார் என்பதை உள்ளேகூடச் சொல்லாத புத்தகங்கள் நம்மூர்க் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சீனியின் எடையைப் பையில் அச்சிடாமல் விற்றால் கடைக்காரரோடு சண்டை பிடிக்கும் நாம், முக்கால் பங்கு வெட்டப்பட்ட நாவலுக்கு முழு நாவலின் பெயரில் காசு கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறோம். அட்டையைத் திருப்பி, பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயர், பதிப்பித்த ஆண்டு, பதிப்பகத்தின் முகவரி என்பவற்றில் ஒன்றும் இல்லையென்றால் புத்தகத்தைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மூதூர்க்காரருக்கு இன்னுமொன்று சொல்ல வேண்டும். 1660இல் உங்கள் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கடலோடி 1681இல் வெளியிட்ட நூலும் டீபோவின் கற்பனைக்குத் தீனி போட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதை மகனிடம் சொல்லுங்கள். முழுப் பதிப்பை அவனே கேட்பான்.

கேள்வி: "டோட்டோ-சான்" கதைப்புத்தகம் என்று வாங்கினேன். உண்மைச் சம்பவம் என்கிறார்கள். திருப்பிக் கொடுக்கலாமா? (நிலாவெளி)

பதில்: டெட்சுகோ குரோயாநாகி தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதியது அது. உங்களை எவரும் ஏமாற்றவில்லை. பேசாமல் பிள்ளையிடம் கொடுங்கள்.

கேள்வி: பதினொரு வயதுப் பேத்திக்குப் "பொன்னியின் செல்வன்" வாங்க வேண்டும். ஐந்து பாகமும் ஒரே தொகுதியாக மலிவாகக் கிடைக்கிறது. எந்தப் பதிப்பை வாங்கலாம்? (திருகோணமலை நகரம்)

பதில்: ஐயா, ஐந்தையும் ஒன்றாக வாங்காதீர்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. எனவே யாரும் அச்சிடலாம், யாரும் அச்சிடுகிறார்கள். மலிவான ஒற்றைத் தொகுதிகளில் எழுத்து கடுகளவு. தாளின் மறுபக்கத்து மையும் தெரியும். படுத்துக்கொண்டு வாசிக்கும் பிள்ளையின் கை அந்தப் பாரத்தைத் தாங்காது. மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் முழு நாவலும் இலவசமாக இருக்கிறது. முதற் சில அத்தியாயங்களை அதிலிருந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபின் பேத்தி மேலே கேட்டால் "புது வெள்ளம்" என்ற முதற் பாகத்தை மட்டும், எழுத்துப் பெரிதாக உள்ள பதிப்பில் வாங்குங்கள். இரண்டாம் பாகத்தில் கதை இலங்கைக்கு வந்துவிடும். அதுவரை தாக்குப்பிடித்த பிள்ளை மிச்சத்தையும் விடாது.

கேள்வி: சித்திரக்கதை வாசிப்பதும் வாசிப்பில் சேருமா? (சாம்பல்தீவு)

பதில்: சேரும்.

கேள்வி: கடந்த செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய நாவலை மகன் இப்போதுதான் எடுத்தான். 32ஆம் பக்கத்துக்குப் பின் 49 வருகிறது. பற்றுச்சீட்டு இல்லை, எந்தக் கூடம் என்பதும் நினைவில்லை. என்ன செய்யலாம்? (கிண்ணியா)

பதில்: பற்றுச்சீட்டும் இல்லை, கடையும் தெரியாது, மூன்று மாதமும் கடந்துவிட்டது, நான் யாரிடம் போய் உங்களுக்காகப் பேசுவது? பெரும்பாலும் பதினாறு பக்கங்கள் ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்பட்டுக் கோக்கப்படுவதால், ஒரு மடிப்புத் தவறினால் பதினாறு பக்கமும் சேர்ந்தே போகும். நான் முன்பொருமுறை பிளாஸ்டிக் உறை சுற்றிய பெட்டியில் சிறுவர் நாவல் தொகுப்பொன்றை வாங்கினேன். வீட்டில் உறையைக் கிழித்தபோது, ஒரு நாவலில் ஒரே மடிப்பு இருமுறை கோக்கப்பட்டிருந்தது. கதையின் முடிவு இருக்க வேண்டிய இடத்தில் நடுப்பகுதி மறுபடி ஓடியது. உறை கிழிந்ததால் பொறுப்பில்லை என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து உறையைக் கடையிலேயே கிழிக்கச் சொல்லி, பக்க எண்களை விரலால் ஓட்டிப் பார்த்த பிறகே காசை எடுக்கிறேன். பதிப்பகத்துக்குப் படம் எடுத்து அனுப்பிப் பாருங்கள். நல்ல பதிப்பாளராயின் மாற்றித் தரக்கூடும். அது உங்கள் உரிமை என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: விருது பெற்ற நூல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? (உவர்மலை)

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். எஸ். பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" 2020இல் பால சாகித்திய விருது பெற்ற நல்ல நூல். ஆனால் பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசுவது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு அது அவசியமான வாசிப்பு என்றே கருதுகிறேன். எனினும் தாயோ தகப்பனோ முதலில் வாசித்துவிட்டு, பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். விருது நூலின் தரத்துக்குச் சாட்சி சொல்லும். உங்கள் பிள்ளைக்கு இப்போது அது ஏற்றதா என்பதை விருதுக்குழு அறியாது.

கேள்வி: மூன்று பிள்ளைகள்; நாட்கூலி. புத்தகம் வாங்க வழியில்லை. பிள்ளைகளோ கதை கேட்டு நச்சரிக்கிறார்கள். (தம்பலகாமம்)

பதில்: நச்சரிக்கட்டும், நல்ல பிள்ளைகள். பக்கத்துப் பொது நூலகத்தில் சிறுவர் அங்கத்துவத்துக்கு விண்ணப்பியுங்கள். கைத்தொலைபேசி இருந்தால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக உள்ளன. அவை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சரளமாக வாசிக்கும் மூத்த பிள்ளைக்கு நான்காம் நிலையைத் தெரிவு செய்யுங்கள். ஈழத்துச் சிறுவர் நூல்களையும் பழைய இதழ்களையும் நூலகம் என்ற இணைய நூலகத்தில் பார்க்கலாம். ஸ்டோரிவீவர் கதைகளைத் தரவிறக்கி அச்சிட உரிமம் இடம் தருகிறது. ஆகவே போட்டோக் கொப்பிக் கடையில் கறுப்பு வெள்ளையில், தாளின் இரு பக்கமும் வரும்படி எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வர்ணத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள்.