கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தா: வம்சாவளி மென்பொருள் கேள்வி பதில்

குடும்ப மரம் வரைவது, இணையத்தில் பழைய பதிவு தேடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: தளம் “உங்கள் முன்னோர் கிடைத்துவிட்டார்” என்று காட்டினால் ‘ஏற்றுக்கொள்’ பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் மூலப் பதிவைத் திறந்து பாருங்கள்.

கும்பகோணம்: இலவச மென்பொருள் எது, சார்?

கிராம்ப்ஸ். தமிழில் பெயர் எழுதலாம். பதிவு தேட ஃபேமிலிசெர்ச் என்ற இணையதளம். அதற்கும் காசு வேண்டாம், ஒரு கணக்கு தொடங்கினால் போதும்.

டர்பன்: எங்கள் கொள்ளுத்தாத்தா வீராசாமி 1890 வாக்கில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். தேடினால் ஏகப்பட்ட வீராசாமி வருகிறார்கள், ஐயா. எங்களவர் யார்?

பெயரை விட்டு நம்பரைத் தேடுங்கள். சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு (டர்பன் இருந்த ஆங்கிலேயக் காலனி) போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி நம்பர் கொடுத்தார்கள். வீட்டில் பழைய திருமணப் பதிவோ இறப்புப் பதிவோ இருந்தால் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கப்பல் பட்டியலில் பெயரோடு அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியவர். வீரசாமி, வீராசாமி, விராசாமி என்று எழுத்து மாறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயரை ஒலிப்படி குறியீடாக்கும் சவுண்டெக்ஸ் முறையில் தேடும் தளம் உயிரெழுத்தைக் கழித்துவிடும், எல்லாம் ஒரே குறியீட்டில் வந்து நிற்கும். ஆனால் முதல் எழுத்தை அது அப்படியே வைத்துக்கொள்ளும். குப்புசாமியை ‘கே’ போட்டும் ‘சி’ போட்டும் இரண்டு முறை தேட வேண்டும். ழகரம் வந்தால் இன்னும் கஷ்டம்: அழகனை ‘இசட் எச்’ போட்டு எழுதினால் ஒரு குறியீடு, ‘எல்’ போட்டால் வேறொன்று.

அப்புறம் ஊர். பட்டியலில் வட ஆற்காடு என்றிருந்தால் வேலூர்ப் பக்கம் மட்டும் தேடாதீர்கள். சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். உங்கள் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

ஹட்டன்: எங்களுக்கும் இப்படிப் பட்டியல் இருக்கிறதா, அண்ணா?

நேட்டால் மாதிரி ஆளுக்கொரு நம்பர் போட்ட பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போனார். 1901 முதல் கழுத்தில் தோட்டத்து எண் போட்ட தகர வில்லை. ஆளின் பெயர் அதில் ஏது? வீட்டுப் பெட்டியைத் துழாவுங்கள். 1949 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த காகிதம் இருந்தால் அதுதான் புதையல். குடும்பம் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறது என்று காட்டத்தானே அதை எழுதினார்கள்.

திருப்பூர்: மென்பொருள் ‘குடும்பப் பெயர்’ கேட்கிறது. இனிஷியல் போடலாமா?

போடாதீர்கள். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மரத்தைக் கொண்டுபோகும் ஜெட்காம் கோப்பில் குடும்பப் பெயர் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே உட்காரும். அதற்குள் ‘எம்’ என்று போட்டால், ஊரில் உள்ள அத்தனை ‘எம்’களும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். வெறுமனே விடுங்கள்.

கோவை (குறுக்கே): பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைத்தானே போடுகிறோம்?

பாஸ்போர்ட் உங்கள் ஒருவருக்கு. மரத்தில் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுமே! போட்டே ஆக வேண்டுமென்றால் கிராம்ப்ஸில் அந்தப் பெயரின் தோற்றம் ‘தந்தை பெயர்’ என்று குறிக்க வசதி உண்டு.

டர்பன் (மறுபடி): அப்படியென்றால் எங்கள் கவெண்டர், மூட்லி எல்லாம் குடும்பப் பெயர் இல்லையா?

கோபம் வேண்டாம். கவுண்டர் கவெண்டர் ஆனதும் முதலியார் மூட்லி ஆனதும் உண்மை, இன்று அது உங்கள் குடும்பப் பெயர்தான். ஆனால் அது பிள்ளைக்கு இறங்கிய தலைமுறையிலிருந்து போடுங்கள். கப்பலில் வந்தவரைப் பட்டியலில் உள்ளபடியே விடுங்கள்.

கோவை: அப்போ இங்கேயும் சாதிப் பட்டம் போட்டால் தேடுவது சுலபம்தானே?

சுலபமில்லை, குழப்பம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே நாயக்கரை விட்டார். பிறகு பலரும் விட்டார்கள். தாத்தாவின் பத்திரத்தில் பட்டம் இருக்கும், அப்பாவின் பட்டாவில் இருக்காது. பட்டத்தோடு தேடினால் அப்பா தொலைவார், பட்டமில்லாமல் தேடினால் தாத்தா தொலைவார். பத்திரத்தில் கண்டதைக் குறிப்பில் எழுதுங்கள், பெயர்ப் பெட்டியில் வேண்டாம். இதில் இன்னும் நான்கு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பதில் இதேதான்.

சேலம்: இலவச மென்பொருள் ஏதாவது…

மேலே கும்பகோணத்துக்குச் சொன்னது.

மதுரை: தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். ‘இருவரையும் இணைக்கவா’ என்று கேட்கிறது.

பேரன் என்றாலே தாத்தா பெயரைத் தாங்குபவன் என்று அதற்கு எப்படித் தெரியும்? என் தாத்தா ராமசாமி, அண்ணனும் ராமசாமி. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ‘இணை’ அழுத்திவிட்டேன். காலையில் பார்த்தால் அண்ணி என் அப்பாவுக்குச் சித்தியாகியிருந்தார். பிரித்தெடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பெயருக்குப் பின்னால் பிறந்த வருஷத்தைப் போட்டு வையுங்கள். தாய்மாமனைக் கட்டிக்கொண்ட கல்யாணத்துக்கும் எச்சரிக்கை வரலாம், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

நெல்லை: ஜெட்காமில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிறது.

ஏற்றுமதி செய்யும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பழைய ஆன்செல் குறியேற்றத்தில் தமிழுக்கு இடமில்லை.

சென்னை: குலதெய்வம் எதுவென்று மென்பொருள் சொல்லுமா?

சொல்லாது. ஊரில் மூத்த பங்காளியைக் கேளுங்கள்.

வேலூர்: இலவசமாக…

கும்பகோணம்.

தஞ்சாவூர்: ஒரு தளத்தில் எங்கள் மரம் ராஜராஜ சோழன் வரை போகிறது, சார்!

உங்கள் வீட்டில் அந்தப் பொத்தானை அழுத்தியது யார்?