பச்சை அடித்தால் பிஎம்டபிள்யூ லோகோ உங்களுடையதாகிவிடுமா?

கேள்வி: ஒன்பது வருடம் சொகுசு கார் சர்வீஸில் வேலை பார்த்தேன், இப்போது திருப்பூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போடுகிறேன். பிஎம்டபிள்யூ மாதிரி வட்டம், நடுவில் நான்கு கால்பாகமாகப் பிரித்த வட்டம், ஆனால் நீலத்துக்குப் பதில் பச்சை, சுற்றி என் கடைப் பெயர். நிறம் மாறிவிட்டதால் பிரச்சினை வராது, பதிவும் செய்து தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 25,000 ரூபாய் கேட்கிறார். போர்டு அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள்.

நிறத்தை மாற்றினால் போதும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, இதை நம்பி என்னிடம் வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. இதில் ‘ஏழு இடத்தில் மாற்றினால் புது லோகோ’ என்று ஒரு கணக்கு வேறு. அப்படி எந்தச் சட்டத்திலும் கிடையாது. 1999-ம் வருட டிரேட்மார்க் (வணிகக் குறி) சட்டத்தின் 10-வது பிரிவு சொல்வது நேர் எதிர்: இன்ன நிறத்துக்கு மட்டும் என்று வரையறுக்காமல் பதிவான குறி, எல்லா நிறத்துக்கும் சேர்த்தே பதிவானதாகக் கருதப்படும். அப்புறம், கோர்ட்டில் இரண்டு லோகோவையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ண மாட்டார்கள். அரைகுறை ஞாபகத்தோடு பைக்கில் போகிறவர் உங்கள் போர்டைப் பார்த்து ‘அட, பிஎம்டபிள்யூ சர்வீஸ் நம்ம ஊருக்கே வந்துவிட்டதா’ என்று நினைப்பாரா, அதுதான் கேள்வி. நினைப்பார். அதற்காகத்தானே அந்த வட்டத்தையே பிடித்தீர்கள்!

வேடிக்கை என்னவென்றால், இந்த நிற வித்தையை பிஎம்டபிள்யூவே செய்திருக்கிறது. அந்த நீலமும் வெள்ளையும் ஜெர்மனியில் உள்ள பவேரியா மாநிலத்தின் நிறங்கள். 1917-ல் லோகோவைப் பதிந்தபோது, அரசுச் சின்னங்களை வணிகக் குறியில் வைக்கக்கூடாது என்று சட்டம் இருந்ததால் நிறங்களின் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். (அந்த லோகோ விமானத்தின் சுழலும் புரொப்பெல்லரைக் காட்டுகிறது என்பது 1929-ல் வந்த ஒரு விளம்பரப் படத்தால் பரவிய கதை.) அவர்கள் ஒதுங்கிப்போனது அரசுக் கொடியிடமிருந்து, நீங்கள் மோதப்போவது அதே தொழிலில் இருக்கும் கம்பெனியோடு.

சரி, அந்தப் பெயரையே சொல்லக்கூடாதா? சொல்லலாம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ‘பிஎம்டபிள்யூ கார்கள் பழுது பார்க்கப்படும்’ என்பது நீங்கள் செய்யும் வேலையைச் சொல்வது. ஐரோப்பாவில் டீனிக் என்ற ஒர்க்‌ஷாப்காரர் மீது பிஎம்டபிள்யூ தொடுத்த வழக்கில் 1999-ல் வந்த தீர்ப்பும் இதுதான்: உண்மையிலேயே அந்த வேலை செய்பவர் அதை விளம்பரம் செய்யலாம், கம்பெனியோடு தொடர்பு இருப்பது போன்ற தோற்றம் மட்டும் வரக்கூடாது. இங்கே டொயோட்டாவும் ஓர் உதிரிபாக நிறுவனமும் மோதி, 2017-ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், டொயோட்டா பெயரை எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று காட்ட மட்டும் எழுதலாம், அதுவும் அவர்களுடைய எழுத்து வடிவில் கூடாது, ‘ஜென்யூன்’ (அசல்) என்று போடக்கூடாது என்று நிபந்தனை இருந்தது. ஆகவே சாதாரண எழுத்தில், உங்கள் கடைப் பெயரைவிடச் சிறியதாக, வட்டம் கட்டம் எதுவும் இல்லாமல், ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்ற வார்த்தை பக்கத்திலேயே வராமல் எழுதுங்கள்.

இப்போது ஏஜென்ட். தனிநபர் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (தொழில்களையும் பொருட்களையும் பிரித்து வைத்திருக்கும் வகைகளில் ஒன்றுக்கு) விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பழுது பார்க்கும் வேலைக்கு 37-வது வகுப்பு. மீதி எதற்கு என்று கேளுங்கள். இவர்கள் விண்ணப்ப எண் வந்ததுமே ‘பதிவாகிவிட்டது’ என்பார்கள், பதிவான குறி என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) போடச் சொல்வார்கள். பதிவாகாமல் அதைப் போடுவது சட்டப்படி தவறு. ஆட்சேபணைக் கடிதம் வந்த பிறகு போனை எடுக்க மாட்டார்கள். பதிவாளர் அலுவலகமாவது முதல் நாளே ‘இது தேறாது’ என்று சொல்கிறதா என்றால், எந்த விண்ணப்பமானாலும் பணம் வாங்கி எண்ணைக் கொடுத்துவிட்டு, சாவகாசமாக அச்சடித்த மாதிரி ஒரு ஆட்சேபணையை அனுப்புகிறது. தப்பித்தவறி அந்த அலுவலகத்தின் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியானாலும் நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் அதைப் படிக்கவே ஆள் வைத்திருக்கிறார்கள், நீங்களே போய் அழைப்பிதழ் வைத்த மாதிரி ஆகிவிடும்.

உங்கள் பெயரை வைத்துப் புதிதாக ஒன்று வரையச் சொல்லுங்கள். நீலம் பிடித்திருந்தால் நீலமே அடியுங்கள், வடிவம் உங்களுடையதாக இருந்தால் போதும். ஏஜென்ட் அட்வான்ஸ் கேட்டால், அரசுக் கட்டணம் தனி, அவர் கூலி தனி என்று எழுதி ரசீது தரச் சொல்லுங்கள், தர மாட்டேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.