ரெப்போ குறைந்தால் வங்கிப் பங்கு ஏறுமா?

கேள்வி: ஓய்வுபெற்றவன். 2024-ல் 7.25% வட்டிக்கு மூன்று ஆண்டு எஃப்.டி. போட்டேன். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைப்பதால் வங்கிப் பங்குகள் ஏறும், எஃப்.டி.யை உடைத்து அதில் போடுங்கள் என்கிறார் மருமகன். செய்யலாமா?

பதில்: உடைக்காதீர்கள். மருமகன் சொல்வதில் பாதிதான் சரி.

ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி. 2025 தொடக்கத்தில் 6.5% ஆக இருந்த அது, டிசம்பரில் 5.25% ஆனது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியாக வேண்டும். உங்கள் எஃப்.டி.க்கோ முதிர்வு வரை அதே 7.25% தான். ஆக, வங்கிக்கு வரவு சட்டென்று குறைகிறது, செலவு மெல்லத்தான் இறங்குகிறது. மருமகன் வாங்கச் சொல்லும் பங்கின் லாபத்தைக் கடித்துக்கொண்டிருப்பதே உங்களுடையது போன்ற டெபாசிட்டுகள்தான்! வங்கி கையில் வைத்திருக்கும் கடன் பத்திரங்களின் விலை ஏறி லாபம் வரும் என்பது உண்மை; ஆனால் அது ஆண்டுதோறும் கிடைக்கிற வருமானமல்ல.

சரி, சந்தை? 2025 ஜூன் 6 அன்று சென்செக்ஸ் சுமார் 750 புள்ளிகள் ஏறியது. கால் சதவிகிதத்தை எதிர்பார்த்த இடத்தில் அரை சதவிகிதம் குறைத்தார்கள். கூடவே ரொக்க இருப்பு விகிதத்தையும் (டெபாசிட்டில் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயம் வைக்க வேண்டிய பகுதி) 4-லிருந்து 3 சதவிகிதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். வட்டியே வராமல் முடங்கிக் கிடந்த பணம் அது. அதே ஆண்டு பிப்ரவரி 7, ஏப்ரல் 9 அன்றும் ரெப்போ குறைந்தது. இரண்டு நாளும் சென்செக்ஸ் இறங்கியது. எல்லோரும் எதிர்பார்த்த குறைப்பு முன்கூட்டியே விலையில் ஏறிவிடும். ஏப்ரலில் அமெரிக்க வரி பயம் வேறு.

எதற்காகக் குறைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிதி நெருக்கடியைச் சமாளிக்க, 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுபோனது. அங்கே பங்குகள் 2009 மார்ச் வரை விழுந்தன.

இப்போது உடைத்தால் பெரும்பாலான வங்கிகள் வட்டி விகிதத்தில் அரை முதல் ஒரு சதவிகிதப் புள்ளி பிடித்துக்கொள்ளும். வங்கிப் பங்கில் ஆசை இருந்தால், ஐந்து வருடம் தேவைப்படாத வேறு பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். அதற்கு முன் அந்த வங்கியின் காலாண்டு முடிவுகளில் நிகர வட்டி வரம்பு (கடனில் வரும் வட்டிக்கும் டெபாசிட்டுக்குத் தரும் வட்டிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் விகிதம்) சரிவது நின்றுவிட்டதா என்று பாருங்கள். அப்புறம், எஃப்.டி. முதிரும்போது அதே வட்டி கிடைக்காமல் போகலாம். 60 வயது கடந்திருந்தால், அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டியை அப்போது விசாரியுங்கள். ரெப்போ இவ்வளவு இறங்கிய 2025-லும் அது 8.2% தந்தது.