வீடு நகரும் நாளும் ஊர் பார்க்கும் நாளும்

வெலிகமையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் வெள்ளவத்தையைச் சேர்ந்தவர்கள். பழைய வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, மேசை, சூரிய மின்தகடு எல்லாம் பொருத்தி, நான்கு மாதங்களாக அதிலேயே குடியிருந்து, அதிலிருந்தே வேலையும் செய்கிறார்கள். வாசகிக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்றில் காலை 9 முதல் மாலை 5 வரை வேலை. கணவருக்கு லண்டன் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் அந்நாட்டு நேரப்படி வேலை. சனி, ஞாயிறுகளில் இரண்டு மூன்று இடங்களுக்கு ஓடியும் எதையும் நின்று பார்த்த நிறைவு இல்லை என்றும், திங்கட்கிழமை அசதியோடு வேலைக்கு அமர வேண்டியிருக்கிறது என்றும், உடுப்புத் தோய்க்கவும் தண்ணீர் நிரப்பவும்கூட நேரம் கிடைப்பதில்லை என்றும் குறைப்படுகிறார். விடுமுறை நாள்களை எப்படி வகுப்பது, மலை ஏறும்போது வேனை எங்கே விடுவது, மழை தொடங்கிவிட்ட இந்த மே மாதத்தில் அடுத்து எந்தப் பக்கம் போவது என்பன அவருடைய கேள்விகள்.

பயணத் திட்டம் வகுத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்பதோடு, இரண்டு ஆண்டுகள் இதே வாழ்க்கையை வாழ்ந்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: உங்கள் அசதிக்குக் காரணம் நீங்கள் பார்க்கும் இடங்களின் எண்ணிக்கை மட்டுமன்று, வீட்டை நகர்த்தும் வேலையையும் ஊர் பார்க்கும் வேலையையும் ஒரே நாளில் செய்வதே முதற் காரணம். ஹோட்டலில் தங்கும் பயணி காலையில் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். நீங்களோ பாத்திரம் கழுவி, எரிவாயுவை மூடி, அலுமாரிக் கதவுகளைக் கொளுவி, மின்வயரைச் சுருட்டிவிட்டுத்தான் சில்லை உருட்ட முடியும். போய்ச் சேர்ந்த இடத்தில் இவை அத்தனையையும் திருப்பிச் செய்ய வேண்டும். இதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமாவது போய்விடுகிறது. ஆகவே சனிக்கிழமை வேனின் திறப்பைத் தொடுவதில்லை என்று ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில், விடிகாலையில் வீடு நகரட்டும். விடுமுறை நாளில் அது நின்ற இடத்திலேயே நிற்க, நீங்கள் பஸ்ஸிலும் முச்சக்கரவண்டியிலும் ரயிலிலும் கால்நடையாகவும் போய் வாருங்கள்.

இதற்கு முதலில் உங்கள் இருவருடைய கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லண்டனில் காலை 9 மணி என்பது அங்கே கோடைகால நேரம் நடைமுறையில் இருக்கும் மார்ச் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை நமக்குப் பிற்பகல் 1.30, மற்றைய மாதங்களில் 2.30. அப்படியானால் உங்கள் கணவருக்கு ஒவ்வொரு வேலை நாளிலும் ஒரு முழுக் காலைப்பொழுது கையில் இருக்கிறது. உங்களுக்கு மாலை 5 மணிக்குப் பிறகு பொழுது சாயும்வரை ஒரு மணி நேரம் இருக்கிறது. இருவருக்கும் பொதுவாக விடியலிலிருந்து 8.30 வரையான நேரம் இருக்கிறது. உடுப்பு, தண்ணீர், சந்தை, எரிவாயு சிலிண்டர் மாற்றுவது ஆகிய நான்கையும் கணவரின் காலைப்பொழுதுக்கு ஒப்படைத்துவிட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கே திரும்பி வரும். (அவர் இதை வாசித்துவிட்டு என்னைத் திட்டினால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.)

பௌர்ணமி விடுமுறையான போயா நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது உங்களுக்கு விடுமுறை. லண்டன் நிறுவனத்துக்கு அது மற்றொரு வேலை நாள். பலரும் போயாவை ஊர் பார்ப்பதற்கான நாளாகவே எண்ணுகிறார்கள். ஆனால் அனுராதபுரம், மிகிந்தலை, கண்டி போன்ற இடங்களில் அன்றுதான் கூட்டம் கூடும். உங்கள் கணவரும் 1.30க்குள் மேசைக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே வாரத்தின் நடுவில் வரும் போயாவை நீண்ட தூரம் வீட்டை நகர்த்துவதற்குப் பயன்படுத்துங்கள். சனி, ஞாயிறோடு ஒட்டி வரும் போயா என்றால் அதற்கும் வேண்டாம், கொழும்பிலிருந்து வெளியேறும் பாதைகள் எல்லாம் முந்திய மாலையே நிரம்பிவிடும். ஜூனில் வரும், பௌத்த யாத்திரிகர்கள் திரளும் பொசன் போயா வாரத்தில் அனுராதபுரத்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இனி, அடுத்து எங்கே என்ற கேள்வி. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை காலி, மாத்தறை, இரத்தினபுரி, மலைநாட்டின் மேற்குச் சரிவு ஆகியவற்றுக்கு மழையைக் கொட்டும். அதே காலத்தில் மலைக்கு அப்பால் திருகோணமலையும் பொலன்னறுவையும் வறண்டு கிடக்கும். ஆகவே இப்போதைக்குத் தெற்குக் கரையை விட்டு வடமத்திய பகுதிக்கு மாறுங்கள். என் தெரிவு ஹபரணை. சீகிரியாவும் மின்னேரியாவும் கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. பொலன்னறுவை ஏறத்தாழ 45 கிலோமீற்றர். அனுராதபுரமும் தம்புள்ளையும் பஸ்ஸில் போய்வரும் தூரம். ஒரே இடத்தில் இரண்டு வாரம் வேனை நிறுத்திவிட்டு, வீட்டை ஒரு தடவைகூட அசைக்காமல், இவ்வளவையும் பார்த்துவிடலாம்.

வெலிகமையிலிருந்து ஹபரணைக்கு ஒரே மூச்சில் ஓட வேண்டாம். ஒரு வேலை நாள் விடிகாலை 4.30க்குப் புறப்பட்டால் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாக, கொழும்பின் காலை நெரிசல் இறுகுவதற்கு முன்னரே வெள்ளவத்தைக்கு வந்துவிடலாம். அங்கே வீட்டார் இருந்தால் மூன்று நான்கு நாள் தங்கி, வேனைப் பழுதுபார்க்கக் கொடுத்து, தேவையற்ற பொருள்களை இறக்கிவையுங்கள். பின்னர் இன்னொரு விடிகாலையில் குருநாகல்; மீரிகமைக்கும் குருநாகலுக்கும் இடையிலான அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பின் அந்தப் பயணம் எளிதாகிவிட்டது. அன்றைய வேலையைக் குருநாகலில் முடித்துக்கொண்டு, மறுநாள் நன்றாக விடிந்த பிறகு ஹபரணைக்குப் புறப்படுங்கள். விடிந்த பிறகு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தம்புள்ளைக்கு அப்பால் இருட்டில் யானைகள் பாதையைக் கடக்கும். அதிவேகப் பாதை அல்லாத நம் சாலைகளில் மணிக்கு 35 கிலோமீற்றர், மலைப்பாதையில் 25 என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. கைப்பேசி வரைபடம் காட்டும் நேரம் நிறையப் பாரம் ஏற்றிய வேனுக்குப் பொருந்தாது.

அதே யானைகளின் காரணமாகத்தான் அங்கே காட்டோரத்தில், குளக்கட்டில், தனித்த வெளியில் இரவு நிறுத்தக்கூடாது என்கிறேன். வேனுக்குள் இருக்கும் வாழைப்பழமும் அரிசியும் உங்களுக்கு மட்டும் மணப்பதில்லை. சிறு விடுதி ஒன்றின் மதிலுக்குள் நிறுத்த இடமும், குளியலறையும், ஒரு மின்செருகியும் தரும்படி பேசி, வாரக் கணக்கில் வாடகை தீர்மானியுங்கள். நம் நாட்டில் இந்த ஏற்பாட்டுக்கு எழுதிவைத்த கட்டணம் இல்லை. நேரில் போய்ப் பேசுவதே வழி. மின்செருகியை நான் வற்புறுத்துவது சொகுசுக்காக அன்று. 12 வோல்ட், 100 அம்பியர்மணி மின்கலம் ஒன்று தரக்கூடியது ஏறத்தாழ 1,200 வாட்மணி. இரண்டு மடிக்கணினிகள் தலா 50 வாட் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 800 வாட்மணி. ஒரு சிறு மின்விசிறி இரவு முழுதும் சுழன்றால் இன்னும் 250. மின்கலம் அன்றைக்கே ஏறத்தாழ வறண்டுவிடும். இயந்திரம் ஓடும்போது கிடைக்கும் மின்னை நம்பி இருப்பவர்கள்தான், தம்மை அறியாமலே, ஒவ்வொரு விடுமுறையிலும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சூரிய மின்தகடு வெயிலைக் கேட்கும், உள்ளே இருப்பவர்கள் நிழலைக் கேட்பார்கள். ஜூலை மாதத்து வடமத்திய வெயிலில் நிழலே வெல்லட்டும். நிழல் என்றதும் தென்னைமரத்தின் கீழ் நிறுத்திவிடாதீர்கள். ஒரு தேங்காய் போதும், கண்ணாடிக்கும் மின்தகட்டுக்கும்.

வேனை எங்கே விடுவது என்பதற்கான பதிலும் இதிலேயே அடங்கியிருக்கிறது. சுற்றுலா இடத்து வாகனத் தரிப்பிடத்துக்கு வீட்டைக் கொண்டுபோகாதீர்கள். ஜன்னலுக்குத் திரை போட்ட வேன் ஒன்று அங்கே நின்றால், உள்ளே பெறுமதியான பொருள்கள் இருக்கின்றன என்பதும், உரியவர்கள் மூன்று மணி நேரத்துக்கு வரமாட்டார்கள் என்பதும் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். கடற்கரை ஒன்றில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கண்ணாடியை உடைத்து மடிக்கணினியைக் கொண்டுபோய்விட்டார்கள். கணினியின் விலையைவிட, அதில் இருந்த ஒரு வார வேலைதான் இன்றும் நெஞ்சில் நிற்கிறது. விடுதி மதிலுக்குள் வேன் நிற்க, மடிக்கணினிகள் விடுதியாரின் பூட்டிய அறையில் இருக்க, எரிவாயு சிலிண்டரின் தலைவால்வு மூடியிருக்க, நீங்கள் கைவீசிக்கொண்டு புறப்படலாம். தேசிய அடையாள அட்டையை மட்டும் மறக்க வேண்டாம், உள்நாட்டவருக்கான நுழைவுச்சீட்டுக்கு அது வேண்டும்.

ஹபரணையில் நாள்களை இப்படிப் பிரிப்பேன். சீகிரியாவுக்கு ஒரு சனிக்கிழமையை முழுதாகக் கொடுங்கள். ஏறத்தாழ 1,200 படிகள். வாயில் திறந்தவுடன் ஏறத் தொடங்குவது நல்லது, 10 மணிக்கு மேல் பாறை அடுப்பாகிவிடும். இறங்கி வந்து அருங்காட்சியகத்தையும், பெரும்பாலோர் திரும்பிப் பாராமல் கடந்துவிடும் நீர்த்தோட்டங்களையும் ஆறுதலாகப் பாருங்கள். எதிரில் இருக்கும் பிதுரங்கலைக் குன்றுக்கு விடுமுறை நாளே தேவையில்லை: ஒரு புதன்கிழமை காலை 5 மணிக்கு அடிவாரத்தில் இருக்கும்படி முச்சக்கரவண்டியில் போய், கடைசிப் பாறைகளைக் கைகொடுத்துத் தாண்டி, மேலே நின்று சூரியோதயத்தையும் சீகிரியாவையும் ஒருசேரப் பார்த்துவிட்டு, 8.30க்கு உங்கள் மேசைக்கு வந்துவிடலாம். மின்னேரியாவில் குளம் வற்றி யானைகள் பெருந்திரளாகக் கூடுவது ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில்தான் உச்சத்தை அடையும். அதற்கு வாடகை ஜீப்பில், பிற்பகலில் போக வேண்டும்.

பொலன்னறுவைக்கு மற்றச் சனிக்கிழமை. பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல்விகாரையையும், பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளத்தையும் எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் வடக்குப் பக்கமாக, மரங்களுக்கிடையே ஒதுங்கி நிற்கும் இரண்டாம் சிவாலயத்தைத் தேடிப் போங்கள். சோழர் காலத்தில், கி.பி. 11ஆம் நூற்றாண்டில், முழுதும் கல்லால் எழுந்த அந்தச் சிறு கோயிலின் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்க முயல்வதற்கே அரை மணி நேரம் வேண்டும். மற்ற இடங்களிலும் இதே போக்கில் நின்று பார்த்தால் ஒரு நாளில் பொலன்னறுவை முடியாது, முடிக்கவும் தேவையில்லை. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சிவ வடிவங்களை முன்பே பார்த்திருந்தால், அவை எந்த மண்ணிலிருந்து போயின என்பது அங்கே நிற்கும்போது விளங்கும். வெள்ளவத்தையில் தங்கும் நாள்களில் ஒரு காலையில் கணவர் தனியாகவாவது போய் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எதையும் எழுதிவைக்காதீர்கள். படுத்திருங்கள், மனம் வந்தால் மாலையில் குளக்கரை வரை நடந்து, பொழுது சாய்வதற்குள் திரும்புங்கள்.

ஜூலையில் திருகோணமலைக்கு இறங்கலாம். கோணேஸ்வரம், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளியிலிருந்து படகில் போகும் புறாத்தீவு ஆகியவற்றுக்கு மூன்று வார இறுதிகள் தாராளம். வடகீழ்ப் பருவக்காற்றான வாடையின் மழை அந்தப் பக்கம் தொடங்குவதற்கு முன் திரும்பிவிட்டு, ஜனவரி நடுப்பகுதிக்குப் பின் மலைநாட்டை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்ல நகருக்குள் வேனைக் கொண்டுபோகாமல் பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ நிறுத்திவிட்டு, 1921இல் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ரயிலில் போய் வருவதே சுகம். ஆனால் அந்த ரயில் பாதை மண்சரிவால் தடைப்படுவதுண்டு என்பதால் முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். ஹோட்டன் சமவெளிக்கும் வாடகை வண்டியே நல்லது; உலக முடிவு என்ற செங்குத்துச் சரிவை முகில் மூடுவதற்கு முன், காலை 9 மணிக்குள், அங்கே நிற்க வேண்டும். மலையிலிருந்து வேனை இறக்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறிய அதே கியரில் இறங்குங்கள். றம்பொடை வளைவுகளில் பிரேக் தீய்ந்த மணம் வந்தபோதுதான், என் வேன் வெறும் வாகனம் அன்று, இரண்டு பேரின் பாத்திரம் பண்டம், தண்ணீர்த் தாங்கி, மின்கலம் எல்லாம் சேர்ந்த பாரம் என்பது எனக்கு உறைத்தது. மழை நாளில் மலைப்பாதை பற்றிச் சந்தேகம் எழுந்தால் இடர் முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைத்துக் கேட்கலாம்.

வேனின் உள்ளமைப்பை மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முறையாகப் பதிந்துவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பதியாவிட்டால், வெள்ளவத்தையில் தங்கும் அந்த நாலு நாளில் முதல் வேலையாக அதை முடித்துவிட்டுக் குருநாகலுக்குப் புறப்படுங்கள்.